ஜன்னலை எண்ணுகிற ஆளுக்கு ஆர்வம் போய்விட்டதா?

கேள்வி:

எனக்கு வயது 61. தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர். 30 வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரே பைத்தியம், வண்டி செய்வது. நுங்கு வண்டியும் சோளத்தட்டை மாட்டு வண்டியும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் வளர்ந்ததும் விட்டுவிட்டார்கள். என்னை அது விடவில்லை. ஏழாவது படிக்கும்போது தீப்பெட்டி அட்டையில் லாரி செய்தேன். பிறகு காலண்டர் அட்டையில் பஸ், ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி டயர். இப்போது சன்போர்டு, ஓ.எச்.பி. ஷீட்டில் கண்ணாடி, பிரின்ட் போட்ட ஸ்டிக்கர் என்று வந்துவிட்டது. 'அன்னை சத்தியா' என்று பெயர் எழுதிய பழைய பஸ்ஸிலிருந்து நான் வேலை பார்த்த வண்டி வரை 40-க்கு மேல் வீட்டில் நிற்கின்றன.

ஓய்வு பெற்றதும் பெரிதாக ஒன்று செய்ய நினைத்தேன். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு காலத்தில் ஓடிய சின்ன ரயில். என் தாத்தா அதில் போனவர், கதை கதையாகச் சொல்வார். அந்தப் பாதை முழுவதையும் செய்துவிடுவது என்று மாடி அறையில் 12 அடிக்குப் பலகை அடித்தேன். தண்டவாளம், இன்ஜின் எல்லாம் ஆன்லைனில் வாங்கினேன். இடையில் மாடல் பஸ் கேட்டு ஆர்டர் வர ஆரம்பித்தது. கல்யாணப் பரிசுக்கு, பஸ் முதலாளிகள் ஆபீஸில் வைக்க என்று 11 பஸ் செய்து கொடுத்தேன். கடைசி வண்டியை 'பச்சை சரியில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எட்டு மாதமாகக் கட்டரைத் தொடவில்லை. மாடி ஏறுவேன், நாற்காலியில் உட்காருவேன், சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடுவேன். ரயில் பெட்டிகள் சில இன்னும் பிரிக்காத அட்டையிலேயே இருக்கின்றன. மற்றபடி சாப்பாடு, தூக்கம் சரியாக இருக்கிறது. காலையில் டீக்கடை, பேப்பர். லீவுக்குப் பேரன் வந்தால் அவனோடு பொழுது போகும். பஸ் ஸ்டாண்டில் புது மஞ்சள் பஸ் நின்றால் கிட்டே போய் ஜன்னலை எண்ணிப் பார்ப்பேன், அது பழைய பழக்கம். வீட்டுக்கு வந்தால் மட்டும் கை ஓடுவதில்லை.

50 வருடப் பழக்கம் இப்படித் திடீரென்று அற்றுப்போகுமா? இது மனநோயா? எல்லாவற்றையும் விற்றுவிடலாமா? 'விற்றால் அறையாவது காலியாகும்' என்கிறாள் வீட்டுக்காரி.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கம்பைநல்லூர்

பதில்:

நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனதை அரிப்பது அதுதான்.

மனச்சோர்வு நோய் வந்தால் ஒரு பொழுதுபோக்கு மட்டும் தனியாகக் கசக்காது. பிடித்த சாப்பாடு, பேச்சுத் துணை, பேரப்பிள்ளை, பேப்பர் எல்லாமே சாரம் இழந்துபோகும். நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருப்பது, எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுவது, காரணமில்லாத அசதி, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம். இவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. டீக்கடை ருசிக்கிறது, பேரன் ருசிக்கிறான், தூக்கம் வருகிறது. ஆனாலும் கடிதத்தை மட்டும் வைத்து நோய் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. மேலே சொன்னவை பின்னால் தலைகாட்டினால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஆர்வம் அற்றுப்போய்விட்டது என்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மஞ்சள் பஸ்ஸின் ஜன்னலை எண்ணிப் பார்ப்பேன் என்று. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேரில் ஜன்னலை எண்ணுகிறவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். மற்றவர்களுக்கு அது ஊருக்குப் போகிற வண்டி. உங்களுக்கு இத்தனை கண்ணாடி, இத்தனை தூண், படிக்கட்டுக்கு இந்த உயரம். ஆர்வம் செத்துப்போன ஆள் இதைச் செய்யமாட்டார். பஸ் ஸ்டாண்டில் உயிரோடு இருக்கிற ஆர்வம் மாடி ஏறியதும் மறைகிறது என்றால், கோளாறு உங்களிடத்தில் இல்லை, அந்த மேசையில் இருக்கிறது. மேசைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். நானும் வார இறுதியில் பலகையும் பசையுமாக உட்காருகிற ஆள்தான். அந்தப் பழக்கத்திலும் சொல்கிறேன். எனக்கு நான்கு காரணங்கள் தெரிகின்றன.

முதல் காரணம், அந்த 11 பஸ்கள்.

1973-ல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு நர்சரிப் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் போடுவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கூட்டத்திடம், 'படம் போட்டால் பரிசுச் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு எதுவும் சொல்லாமல், போட்டு முடித்த பிறகு அதே பரிசைக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்குப் பரிசே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தானாகப் பேனாவை எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசு பேசிக்கொண்டு படம் போட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை.

பணம் வாங்கியது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. பேசிக்கொண்டு செய்கிற வேலைக்கும் தோன்றிச் செய்கிற வேலைக்கும் மனம் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. நீங்கள் 30 வருடம் டிரிப் ஷீட் எழுதி, கலெக்ஷனை எண்ணிக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர். யாருக்கும் கணக்கு ஒப்படைக்கத் தேவையில்லாத ஒரே இடம் உங்கள் மேசைதான். ஆர்டர் எடுத்த நாளிலிருந்து அங்கேயும் ஒரு முதலாளி வந்து உட்கார்ந்துகொண்டார். பச்சை சரியில்லை என்று பஸ் திரும்பி வந்ததும், அந்தக் காலத்து செக்கிங் இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார். மாடி ஏறினால் கை ஓடாததில் என்ன அதிசயம்?

இரண்டாவது காரணம், ரயிலின் நீளம்.

மொரப்பூர் - தர்மபுரிப் பாதை 1906-ல் திறந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோகக் கைகொடுக்கும் என்று பழைய சேலம் மாவட்டத்தில் போட்ட இரண்டு சின்னப் பாதைகளில் அது ஒன்று. மற்றது திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. இன்றைய அகலப் பாதையின் 1,676 மி.மீட்டரில் பாதிகூட இல்லை. 1913-ல் ஓசூர் வரை நீண்டது. 1941-ல், போர்க் காலத்தில், ஓட்டம் நின்றது.

இதை நீங்கள் 'முழுவதும்' செய்ய நினைத்தீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடல் ரயிலில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளும் எச்.ஓ. அளவு நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் பலகை 345 மீட்டர் நீளம் வேண்டும். உங்கள் தெருவே போதாது. உங்களிடம் இருக்கிற 12 அடியில் நிஜப் பாதையில் 318 மீட்டர்தான் அடங்கும். ஒரு ஸ்டேஷனும் அதன் இரு கோடியும், அவ்வளவுதான். முடிக்கவே முடியாத வேலையின் முன்னால் தினம் போய் உட்கார்ந்தால் எந்தக் கையும் மடியிலேயேதான் கிடக்கும்.

இதில் இன்னொரு முள்ளும் இருக்கலாம். நீங்கள் வாங்கிய தண்டவாளத்தின் அகலம் என்ன என்று எழுதவில்லை. ஆன்லைனில் எளிதாகக் கிடைப்பது 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் வருவது ஐரோப்பாவில் ஓடுகிற 1,435 மி.மீ. பாதை. தாத்தாவின் ரயிலுக்கு வேண்டியது 762-ஐ 87-ஆல் வகுத்தால் வருகிற 8.76 மி.மீ. கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் அதற்கு ஏறத்தாழப் பொருந்தும். உலகம் முழுக்கச் சின்னப் பாதை மாடல் செய்கிறவர்கள் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பலகையில் கிடப்பது 16.5 என்றால், எத்தனை செய்தாலும் அது தாத்தா சொன்ன ரயிலாகத் தெரிந்திருக்காது. ஜன்னலை எண்ணுகிற கண்ணுக்கு அந்தப் பொய் தெரியும். வாய் சொல்லாததைக் கை சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது காரணம், கண்.

40-க்கு மேல் வருகிற வெள்ளெழுத்து உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் வெளிச்சம் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பாவை சுருங்கி, லென்ஸ் மஞ்சளித்து, 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் 60 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. 30 வயதில் ஒரே ட்யூப் லைட்டில் ஜன்னல் ரப்பர் ஒட்டியவர், இன்று அதே வெளிச்சத்தில் ஒட்டினால் கோணலாகத்தான் போகும். கோணலைப் பார்த்ததும் 'எனக்குப் பழைய கை இல்லை' என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. மேசையில் வளைகழுத்து எல்.இ.டி. விளக்கு ஒன்று வையுங்கள். கண் மருத்துவரிடம் போகும்போது, பேப்பர் படிக்கும் தூரத்தோடு, நீங்கள் வெட்டி ஒட்டுகிற தூரத்தையும் அளந்து சொல்லுங்கள். பேப்பர் கண்ணாடி சுமார் 40 செ.மீட்டருக்குப் போட்டது. நம் வேலை 25 செ.மீட்டரில் நடக்கிறது, அதற்குத் தனிக் கண்ணாடி வேண்டும். புரை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் விரல் நுனி மரத்துப்போவதும் உண்டு. அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான்காவது காரணம், பிரிக்காத அட்டைப் பெட்டிகள்.

நீங்கள் செருப்பை வெட்டி டயர் செய்தவர். பால்பாயின்ட் ரீஃபில் துண்டைப் பார்த்தால் சைலன்சர் என்று தோன்றுகிற புத்தி உங்களுடையது. இல்லாத பொருளை இருக்கிற பொருளிலிருந்து உண்டாக்குவதில்தான் உங்களுக்கு ருசி. ரயிலுக்கு வந்ததும் எல்லாம் செய்து முடித்தே வந்து இறங்கின. வாங்குகிற நாளில் ஒரு சந்தோஷம் இருக்கும். செய்கிற சந்தோஷம் மாதிரியே அது நடிக்கும். பார்சல் வந்ததும் அது தீர்ந்துவிடும். உங்கள் கைக்கு அந்தப் பெட்டிகளில் வேலையே மிச்சமில்லை.

சரி, என்ன செய்வது?

எங்கள் பக்கம் கோடையில் கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தி ஊற விடுவார்கள். ஓட்டிக்கொண்டே இருந்தால் மோட்டார்தான் புகையும். எட்டு மாதமாக நீங்கள் வெறுங்கிணற்றில் மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறீர்கள். தினமும் மாடி ஏறி உட்கார்ந்து இறங்குவதை முதலில் விடுங்கள். ஒரு மாதம் அந்த அறைக்கே போக வேண்டாம். மூன்று மாதத்துக்குப் புது ஆர்டரும் வேண்டாம். கேட்பவர்களிடம் 'கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறேன்' என்று சொல்லுங்கள். மேலே எழுதியதைச் செய்தால் அது பொய்யும் ஆகாது. யாரிடமாவது முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மனதில் பாதிப் பாரம் அங்கேயே இறங்கும்.

அந்த மாதத்தில் ஒரு நோட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஜன்னலை எண்ணுகிறீர்களே, அதை எழுதுங்கள். 2023-லிருந்து வந்த மஞ்சள் வண்டிக்கு எத்தனை கண்ணாடி, கதவு எந்தப் பக்கம் மடங்குகிறது, பின் ஏணி உண்டா இல்லையா. செய்வதற்காக எழுத வேண்டாம். பார்த்ததற்காக எழுதுங்கள். ஒரு நாள் மொரப்பூருக்குப் போய் வாருங்கள். பெரிய லைனும் சின்ன லைனும் சந்தித்த ஸ்டேஷன் அது. கேஜ் மாறுகிற இடத்தில் ஒரு வண்டிச் சரக்கை இறக்கித்தான் மறு வண்டியில் ஏற்ற முடியும். அந்த ஆட்கள் எங்கே நின்றிருப்பார்கள், மூட்டை எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று பிளாட்பாரத்தில் நின்று யோசியுங்கள். தாத்தா சொன்ன கதைகளையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள். ரயில் நின்று 80 வருடம் தாண்டிவிட்டது. அதில் போனவர் வாயிலிருந்து நேராகக் கேட்டவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒரு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், ஒரு தீப்பெட்டியை எடுங்கள். அந்த ஏழாவது வகுப்பு லாரியைத் திரும்பச் செய்யுங்கள். சன்போர்டு வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். ஒரே உட்காரலில் முடிய வேண்டும். கோணலாக இருந்தால் இருக்கட்டும், பட்டி பார்த்து உப்புத்தாள் போட வேண்டாம். லீவுக்குப் பேரன் வந்தால் நுங்குக் காலத்தில் ஒரு நுங்கு வண்டி செய்து கொடுங்கள். ஆனால் அவனை வாரிசாக்கி உட்காரவைத்துவிடாதீர்கள். அவனுக்கு அது விளையாட்டாகவே இருக்கட்டும். உங்களுக்கும்தான்.

லாரி செய்யும்போது நேரம் போனது தெரியாமல் இருந்தால், பிறகு ரயிலைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முழுப் பாதை வேண்டாம். 4 அடிக்கு 1 அடி பலகை. மொரப்பூர் பிளாட்பாரத்தில் ஒரு மூலை, ஒரு சின்ன வண்டி, பக்கத்தில் பெரிய லைனின் ஒரு கூட்ஸ் வேகன், இரண்டு மூட்டைத் தூக்கிகள். போதும். வயரிங் பிடிக்கவில்லை என்றால் ஊரில் எலெக்ட்ரீஷியன் பையன் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இங்கிலாந்துப் பாடகர் ராட் ஸ்டூவர்ட் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் செய்த பிரம்மாண்டமான ரயில் மாடலை 2019-ல் வெளியே காட்டினார். கச்சேரிக்குப் போகிற ஊர்களில்கூட ஹோட்டலில் தனி அறை எடுத்துக் கட்டிடம் செய்தவர் அவர். மின்சார வேலை மட்டும் தனக்கு வராது என்று வேறு ஆளிடம் விட்டதை அவரே சொன்னார். நமக்கு மட்டும் என்ன வீம்பு?

லாரியும் கசந்தால்? அப்போது விட்டுவிடுங்கள். வண்டி செய்வது நீங்கள் எடுத்த விரதம் இல்லை, முறித்தால் பாவமும் இல்லை. 50 வருடம் ஒரு மனிதனை மகிழ்வித்த பழக்கம் ஓய்வு பெற்றால் அதற்கு மாலை போட்டு அனுப்பலாம்; நீங்களும் அப்படித்தான் ஓய்வு பெற்று வந்தீர்கள்.

கடைசியாக விற்பனை. பிரிக்காத ரயில் பெட்டிகளை விற்க வீட்டம்மா சொன்னால் தாராளமாக விற்கலாம். பிரிக்காதவரைதான் அவற்றுக்கு நல்ல விலை. 16.5 மி.மீ. தண்டவாளம் என்றால் அதுவும் போகட்டும். 40 பஸ்களில் சிலவற்றைப் பக்கத்து அரசுப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். 'அன்னை சத்தியா' வண்டி கட்டாயம் அதில் இருக்கட்டும். 1997-ல் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்கள் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பெயர் எழுதிய பஸ் ஓடியதே தெரியாது. ஒருவர் வீட்டில் சேர்த்ததை ஊர் வந்து பார்ப்பது நடக்காத காரியம் இல்லை. புனேயில் பாவ் ஜோஷி என்பவர் வாழ்நாள் ஆசையாகச் செய்த ரயில் மாடல்கள் 1998-லிருந்து கோத்ரூடில் ஓர் அருங்காட்சியகமாகவே இருக்கின்றன.

நீங்கள் டிக்கெட் கொடுத்த அந்த பஸ்ஸை மட்டும் விற்காதீர்கள். கட்டர், ஸ்கேல், இடுக்கி, உப்புத்தாள் இவற்றையும் விற்காதீர்கள். எல்லாம் ஒரு ஷூ பெட்டியில் அடங்கிவிடும். அறை காலியாகிவிட்டது என்று வீட்டம்மாவும் நிம்மதி அடைவார்கள், உங்களுக்கும் வழி அடைபடாது.

உங்கள் தாத்தாவின் ரயிலுக்கும் வழி அடைபட்டுப் போய்விடவில்லை. 1941-ல் நின்ற மொரப்பூர் - தர்மபுரிப் பாதையை அகலப் பாதையாகத் திரும்பப் போட 2019-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 78 வருடம் கழித்து. உங்களுக்கு ஆகியிருப்பது எட்டு மாதம்தான். தீப்பெட்டி லாரி என்ன ஆயிற்று என்று மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். அந்த மஞ்சள் பஸ்ஸுக்கு எத்தனை ஜன்னல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.